ஆறு மில்லிமீற்றர்

டாம் வீதியில் என் கடை.
வாசல் ஆறடி, மிச்சமெல்லாம் நீளம்.
முப்பது வருடமாகப் பெயாரிங் விற்கிறேன்:
தண்ணீர் மோட்டருக்கு, தையல் மெசினுக்கு,
ஓட்டோவின் முன்சில்லுக்கு.
உதிரியாகக் கேட்டால்
தராசில் நிறுத்துக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பேன்.
யாருக்கு, எதற்கு என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் மொழி இரண்டுக்கும்
ஒரே பெயரை வைத்துவிட்டது:
குண்டு.

அந்த ஞாயிறுக்குப் பிறகு
ஆசுபத்திரியில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்கள்.
தோள் எலும்பருகே வெள்ளைப் பொட்டு.
டொக்டர் வாய் திறக்குமுன் நானே சொன்னேன்,
ஆறு மில்லிமீற்றர், குரோம் உருக்கு.
நரம்போடு கிடக்கிறது, விட்டுவிடுவோம் என்றார்.

நிரோமியின் படத்தை எனக்குக் காட்டவில்லை.
ஒன்பது வயது.
புதுச் சப்பாத்து கடிக்கிறதென்று
காணிக்கை எடுக்கும்போது
கழற்றி வாங்கின் கீழே வைத்திருந்தாள்.

எத்தனை இரவு பழைய பில் புத்தகங்களைப் புரட்டினேன்.
ஒரு பெயரும் அகப்படவில்லை.
அகப்படாததால்
நான் விடுதலையாகிவிடவும் இல்லை.

எஸ்தெல்லா கோயிலுக்கு வருவதை விட்டுவிட்டாள்.
ஆனாலும் ஒவ்வொரு பெரிய சனியும்
என் வெள்ளைச் சேர்ட்டை அயர்ன் பண்ணி வைப்பாள்.
இம்முறை கொலரைத் திருப்பியபடி சொன்னாள்:
"உயிர்த்தவர் முதல்ல தாயிட்டத்தான் போயிருப்பார்.
எழுதினவங்களுக்கு அது தெரியாது.
அவ ஒருத்தருக்கும் சொல்லியிருக்க மாட்டா."

கொட்டாஞ்சேனை. இரவு பத்தரை.
கோயில் வாசலில் மேசை போட்டுப்
பைகளைத் துழாவுகிறார்கள்.
துறைமுகப் பக்கமிருந்து காற்றே இல்லை.
கடற்படைப் பையன் ஒருவன்,
மீசை வருவதா வேண்டாமா என்றிருந்த முகம்,
கருவியை என் மேல் ஓட்டினான்.
தோளில் அது கத்தியது.
பின்னால் வரிசை ஓரடி விலகியது.
கோபமில்லை. நானும் விலகியிருப்பேன்.

இரண்டு பொத்தானைக் கழற்றினேன்.
"அத தியலா பலன்ன" என்றேன், தொட்டுப் பார்.
வருடம் போகப் போக அது
தோலுக்குக் கிட்டே ஏறி வருகிறது.
விரலை வைத்தான். உள்ளே ஒரு மிளகு.
"ரிதெனவாத?"
மழை வந்தால் மட்டும் என்றேன்.
விரலை எடுக்க மறந்து நின்றான்.

நோகிறதா என்று
தோமையார் கேட்டதாக
எங்கும் எழுதியில்லை.

உள்ளே விளக்குகளை அணைத்தார்கள்.
புது நெருப்பு.
சுவாமி பாஸ்காத் திரியில்
ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்தினார்.
செத்த உடம்பையே எழுப்பியவருக்கு
ஐந்து ஓட்டைகளை அடைப்பது பெரிய வேலையா?
அடைக்காமலே விட்டிருக்கிறார்.
அந்தக் கைகளோடுதான் மீன் சுட்டுக் கொடுத்திருக்கிறார்.

பிறகு வாசகம்.
அந்தப் பெண்கள் இருட்டோடு நடந்து போகிறார்கள்,
கல்லைப் புரட்டுவது யார் என்று கேட்டுக்கொண்டு.
விடை தெரியாமலே போகிறார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் எரிந்தது.
பாரத்தைத் தூக்காதே,
கீழே நாலு குண்டு போடு,
ஒரு பிள்ளையின் விரல் போதும் என்று
எத்தனை வாடிக்கையாளருக்குச் சொல்லியிருப்பேன்!
அசையாததை அசைக்கவென்று செய்த சாமான் அது.
என் தோளில் வந்து கிடக்கிறது, சும்மா.

உயிர்ப்பு என்றால் என்ன?
விளக்கம் சொல்ல எனக்கு வராது.
சாவு பொய் என்று யாராவது தொடங்கினால்
எழுந்து வெளியே போய்விடுவேன்.
அவள் சப்பாத்து இன்னும் கட்டிலடியில் இருக்கிறது.
ஆனால் அல்லேலூயா தொடங்கியபோது
என் வாய் திறந்திருந்தது.
நான் திறந்ததாக ஞாபகமில்லை.

வீடு வர இரண்டு மணி.
எஸ்தெல்லா விழித்திருந்தாள்.
மேசையில் பாண், மூடிவைத்த முட்டைப் பொரியல்.
பையன் கேட்டதைச் சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் தட்டைத் தள்ளினாள்.

விடிய முன் மழை பிடித்தது.
தகரத்தில் முதல் துளிகள்.
இருட்டில் அவள் குரல்:
"நோகுதா?"
ஓம் என்றேன்.
"எனக்கும்" என்றாள்.

மழை விடும்வரைக்கும்
இருவரும் லைற்றைப் போடவில்லை.