இன்றைய குழி

ஐந்தரை மணி. ஏழாவது கிரீன்.
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள்
புல்லும் என் பூட்ஸும் மட்டும்.
அம்பாங் மலைப்பக்கம் இன்னும் கறுப்பு.

குழிவெட்டியை நேராக நிறுத்தி
இரண்டு கையாலும் திருகி இறக்குகிறேன்.
நாலேகால் அங்குலம்.
உலகத்தில் எங்கே போனாலும் அதே அளவாம்.
என் கணக்குக்கு
ஒரு மைலோ டின்னின் வாய்.

மண்ணுருளை முழுசாக வருகிறது,
தலையில் புல் தொப்பியோடு.
அதைக் கொண்டுபோய் நேற்றைய குழியில் இறக்கி
குதிகாலால் மிதிக்கிறேன்.
இன்று தோண்டியது நேற்றை மூடுகிறது.
பதினொரு வருசமாக
ஒரே மண் இடம் மாறிக்கொண்டிருக்கிறது,
கூடாமல்
குறையாமல்.

காலண்டரில் கோடை இல்லாத ஊர் இது.
மழை நின்றால் கோடை.
நின்று இருபத்தாறு நாள்.

சுல்ஹெல்மி படத்தை விரித்து
சிவப்புப் பேனாவால் கோடு போட்டார்:
ஃபேர்வே காயட்டும், ஓரங்கள் சாகட்டும்,
கிரீன் பதினெட்டும் பிழைக்கணும்.
யாரும் எதுவும் பேசவில்லை.
ரஃபிகுல் மட்டும் கேட்டான்,
பதிமூன்றாவதில் புள்ளி விழுந்திருக்கே, பாஸ்?
புல்லுக்கு வருகிற அந்த நோய்க்கு
டாலர் என்று பெயர்.
ஐம்பது சென் காசு அளவுதான் இருக்கும்.
மருந்து மட்டும் டாலர் விலை.

மத்தியானம் புல்லுக்கு மூச்சு வாங்கும்.
வெளிர்நீலமாய் மாறும், மிதித்த தடம் எழும்பாது.
அப்போது குழாயைப் பிடித்து
மேலாக, பூவாக, மூன்று நிமிடம்.
குடிக்கக் கொடுப்பதில்லை,
நெற்றியில் ஈரத்துணி போடுகிற மாதிரி.

அந்த நேரம் பார்த்து
மகள் செய்தி அனுப்புகிறாள்:
ஃபிளாட்டில் தண்ணி நின்னுடுச்சு. லாரி மூணு மணிக்கு.
வாளி எல்லாம் இறக்கிட்டேன்.
பன்னிரண்டாவது மாடி. லிஃப்ட் ஒன்றுதான் ஓடுகிறது.
குழாய் என் கையில் ஓடுகிறது.
குளத்துத் தண்ணீர், உரம் கலந்தது,
கொண்டுபோனாலும் சட்டிகூடக் கழுவ முடியாது.
இருந்தாலும்
விரலை வைத்து அடைத்துப் பார்த்தேன், ஒரு நொடி.
சீறியது.

வழக்கறிஞர் தயாபரன் மூன்றடி பட்டைத் தவறவிட்டார்.
பந்து விளிம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு
வேறு வேலையாகக் கீழே இறங்கிப் போனது.
எந்த மடையன்யா இங்கே குழி வெட்டினது?
சரிவில் இருந்து நாலு எட்டு தள்ளித்தான் வெட்டினேன்.
அளந்துதான் வெட்டினேன்.
நிழலில் நின்று தொப்பியைச் சரிசெய்தேன்.
மடையன் என்றால் மடை திறக்கிறவன் என்று
எங்கேயோ கேட்ட ஞாபகம்.
அப்படியென்றால் சரிதான் சார்,
பாலை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறைப் பயிற்சிக்கு
முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.
தொப்பி பெரிது, மட்டை சின்னது.
குரங்கு ஒன்று மஞ்சள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட
பயிற்சி பாதி அதன் பின்னால் போனது.
போகாமல் இருந்தது ஒரு பையன்.
முதுகில் ஒட்டியிருந்த பெயர் வெய் ஜியே.
குப்புறப் படுத்து
குழிக்குள் வாயை வைத்து
ஏதோ கத்தினான்.
காதை வைத்துக் கேட்டான்.
திரும்பக் கத்தினான்.
என்ன பதில் வந்ததோ,
திருப்தியாக எழுந்து
முழங்காலைத் தட்டிக்கொண்டு போனான்.
அவன் படுத்த இடம் மட்டும்
ஒரு சின்ன ஆள் வடிவத்தில்
சாயங்காலம் வரை எழும்பவில்லை.

இன்று ஐந்தரை.
புது இடம், இடது ஓரம், பங்கருக்குப் பின்னால்.
தயாபரன் சாருக்கு இன்னும் பிடிக்காது.
மண்ணுருளையைத் தூக்கிக்கொண்டு
நேற்றைய குழிக்கு வந்தேன்.
உள்ளே விளக்கடித்தேன்.
ஒரு எறும்பு. ஒரு துளி பனி.
குனிந்து காது வைத்தேன் என்று சொன்னால்
ரஃபிகுல் ஒரு வாரம் சிரிப்பான்.

மூடினேன்.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக மிதித்தேன்.
வாளியில் மிச்சமிருந்ததைச் சுற்றி ஊற்றினேன்.
வீட்டில் ஐந்து வாளி நிறைந்திருக்கிறது,
ஆறாவதில் மகள் துணி ஊறப்போட்டிருக்கிறாள்.

கொடியை நட்டாயிற்று.
முதல் பக்கியின் வெளிச்சம் மேட்டில் தெரிகிறது.
எட்டாவதற்குப் போகணும்.