ஐந்து நொடி எஞ்சின்

தண்டையார்பேட்டை ஷெட்டில் என் கைக்கு வரும் எஞ்சின்கள்
ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேல்.
தண்டவாளத்தை விட்டுக் கிளம்பாமல்
பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

வீட்டில் இருப்பது நூற்று நாற்பது கிராம்.
மெத்தனாலும் விளக்கெண்ணெயும் குடிக்கும்.
ஐந்து நொடி ஓடலாம். விதி அவ்வளவுதான்.
ஆறாவது நொடி கேட்டால் அந்தச் சுற்றே செல்லாது.

கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுத்
தரையில் வரைந்தேன் உன்னை.
ஏறும்போது இறக்கை இல்லாதது போல் இருக்க வேண்டும்,
மிதக்கும்போது இறக்கை மட்டுமே இருக்க வேண்டும்,
இரண்டும் ஒரே இறக்கை.
நான்கு மாதம் இதிலேயே போனது.
வலது உட்பாதியின் பின்விளிம்பை
ஆவியில் காட்டி இரண்டு மில்லி முறுக்கினேன்.
இரண்டரை ஆனபோது பெருமாள் கோயில் தெருப் பக்கம்
ஒரு தண்ணீர் லாரி மேல் விழுந்தாய்.
ஒன்றரை ஆனபோது
இடதுபக்கம் திரும்பி என்னையே துரத்தினாய்.

ரிமோட் இல்லை, நூல் இல்லை.
'காத்தாடிக்காவது நூல் இருக்குதே' என்றான்
கீழ்வீட்டு ஜோயல்.
விட்டபிறகு என் வேலை ஒன்றுதான்,
பின்னாலேயே ஓடுவது.

ஏறுவதை எல்லாரும் கேட்டார்கள்.
இறங்குவதற்குத்தான் அதிகம் செலவழித்தேன்.
மூர் மார்க்கெட்டில் உடைந்த கேமரா ஒன்று வாங்கி
அதன் கடிகாரத்தைப் பிரித்து உன் வயிற்றில் வைத்தேன்.
மூன்று நிமிடம் முடிந்ததும் கொக்கி விடும்,
வால் நிமிரும்,
பறப்பதை மறந்து
தட்டுப் போலக் கீழே வருவாய்.

மாசியில் ஒரு ஞாயிறு.
அத்திப்பட்டுக்கு அப்பால், காய்ந்த உப்பளத் தரை.
கச்சான் லேசாக, முழங்கால் உயரப் புல் அசைகிற அளவு.
சாம்பல் குளத்தின் மேல் பருந்துகள் மூன்று
சிறகசைக்காமல் சுற்றின.
அனல் மின் நிலையம் என்று பெயர் வைத்தவர்கள்
இந்த அனலை நினைத்திருக்க மாட்டார்கள்.
ஹயாத் ஸ்டாப்வாட்சை உயர்த்தினான்.
விட்டேன்.

ஒரு கிறீச்சல். வலதுபக்கம் ஒரே ஒரு சுற்று.
மேலே, இன்னும் மேலே, சத்தம் நின்றது,
தடுமாறாமல் சாய்ந்தாய்,
அந்த ஒரு சாய்வுக்காகத்தான் நான்கு மாதம்.
பருந்துகள் உனக்கு இடம் விட்டன.

மூன்று நிமிடம்.
ஹயாத் அழுத்தினான், நூற்றெண்பது என்று எழுதி
நோட்டை மூடினான்.
கொக்கி விடவில்லை.
ஒரு துளி சாம்பல் பற்சக்கரத்தில் போயிருக்கும்,
அல்லது எண்ணெய் அதிகம்,
அல்லது நான்.

நான்கு நிமிடம்.
புகைபோக்கிகளைத் தாண்டினாய்.
ஆறு.
ஒரு புள்ளி.
அப்புறம் புள்ளி இருந்த இடம்.
அந்தச் சுற்றில் முழு மதிப்பெண்.
அடுத்த சுற்றுக்கு விமானம் இல்லை.

ஒன்பதாம் நாள், ஷிப்ட் முடிகிற நேரம், போன்.
முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிறவளாம்,
பெயர் கன்னியம்மா.
'யக்கா, இதுல உன் நம்பர் எழுதியிருக்கு.
றெக்க மட்டுந்தான் கெடச்சுது.'
கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு,
'உள்ள ஆளு யாரும் இல்லியே?'

இல்லை என்றேன்.
சொன்னபிறகு ஏனோ உடனே போனை வைக்க முடியவில்லை.

அத்திப்பட்டு ஸ்டேஷனில் ஒரு சாக்கில் சுற்றித் தந்தாள்.
பணம் வாங்கவில்லை.
இது என்ன மரம், இவ்வளவு லேசாக, என்று மட்டும் கேட்டாள்.
பெண்கள் பெட்டியில் யார் தலையிலும் இடிக்காமல்
நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் தராசில் வைத்தேன்.
பதினொரு கிராம் கூடுதல்.
டிஷ்யூ முழுக்கச் சாம்பல் பூசி, உப்புத் தண்ணீரில் காய்ந்திருந்தது.
நடுவில் விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தேன்.
இடமும் வலமும் சாயவில்லை.
நான் ஒட்டிய பசைகூட
இவ்வளவு சமமாக இருந்ததில்லை.