ஒன்று குறைகிறது

இரண்டு மாதம் சைக்கிள் மிதித்தேன்.
ஷிரே ஆற்றின் இந்தக் கரையில் பதினொரு ஊர்.
தாளை எப்படி மடிப்பது,
அட்டை தொலைந்தால் எங்கே போவது,
விரலில் மை இருப்பதைப் பார்த்துக்
கணவன் கேட்டால் என்ன சொல்வது.
எல்லா ஊரிலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்:
"அதெல்லாம் சரி எனிஃபா,
யாருக்குப் போடச் சொல்கிறாய்?"
யாருக்கும் இல்லை என்றால் சிரிப்பார்கள்.
"அப்படியா, உன் டயருக்குக் காற்றடிப்பது யார்?"
நான்தான்.
பின்சக்கரத்தில் நாலு ஒட்டு.

வாக்கு நாளன்று விடியுமுன்னே பள்ளிக்கூடத்தில் வரிசை.
சர்க்கரை ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள்
வீட்டுக்குப் போகாமல்
கரும்பு கடித்தபடி நேராக வந்திருந்தார்கள்.
புதுச் சட்டைக்காரன் ஒருவன் வரிசையோரம் நடந்து
அட்டை எண்களைக் குறித்துக்கொண்டே போனான்.
எதற்கு என்று சொல்லவில்லை.
நான் அவனைக் குறித்துக்கொண்டேன்:
நேரம், சட்டை, இடது காதில் வெட்டுத்தழும்பு.
திரும்பிப் பார்த்தான்.
நான் எழுதுவதைப் பார்த்தான்.
அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை.
முதுகில் குழந்தையைக் கட்டிய பெண்ணொருத்தி
"போயிட்டானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு
மீண்டும் வரிசையில் நின்றாள்.

இரவு. சூரிய விளக்கு ஒன்று, விட்டில்கள் ஆயிரம்.
கொடுத்த தாள் அறுநூற்றுப் பன்னிரண்டு.
பெட்டியில் அறுநூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணினார்கள். பதினொன்று.
மறுபடியும். பதினொன்றேதான்.
தலைமை அதிகாரி காச்சிங்வே கண்ணைத் தேய்த்தார்:
"யாரோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருப்பான்.
அறுநூற்றுப் பதினொன்று கொடுத்ததாக எழுதிவிடுவோம்."
பகலெல்லாம் ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழிக்காத
மூன்று கட்சி ஏஜெண்டுகளும்
அன்றைக்கு முதல்முறையாக
ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.
வாய் திறக்கவும் இல்லை என்று
பயிற்சியில் மூன்று முறை சொன்னார்கள்.
என் படிவத்தில் எழுதினேன்:
ஒன்று குறைகிறது.
அந்த அமைதியில் பேனா உரசுவது
எல்லோருக்கும் கேட்டது.

"ஒரு ஓட்டுக்காகவா?" என்றார் ஒரு ஏஜெண்ட்.
"நீ யார் பக்கம்?" என்றார் இன்னொருவர்.
காச்சிங்வே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு கைக்குட்டையை நனைத்துக்
கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
நாலாவது முறை.
இப்போது அடுக்காக இல்லை,
ஒவ்வொரு தாளையும் விளக்குக்கு நேராகப் பிடித்து.

இருநூற்று எழுபதுக்குப் பக்கத்தில் அவர் கை நின்றது.
ஒரு தாள் கொஞ்சம் கனமாக இருந்தது.
நகத்தால் பிரித்தார்.
கரும்புச்சாறு.
யாரோ ஒருவரின் பிசுபிசுத்த விரல்
தன் ஓட்டை
அடுத்தவர் ஓட்டோடு ஒட்டவைத்திருக்கிறது.
உள்ளே எறும்பொன்று செத்துக் கிடந்தது.

அந்தத் தாளில் குறி எங்கே இருந்ததென்று
பார்த்தேன்.
நான் போட்டவருக்கா, போடாதவருக்கா
என்பது எனக்குத் தெரியும்.
இங்கேயும் சொல்வதாக இல்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டு.
என் வரியைக் குறுக்கே அடித்துக்
கையெழுத்திட்டேன்.

பள்ளிக்குப் பின்னால் ஆளுயரக் கறையான் புற்று.
அதன் உச்சியில் மட்டும் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
குதிகாலுக்கடியில் மண் இன்னும் சூடாக இருந்தது.
287, 241, 66, செல்லாதவை 18.
அனுப்புகிறது, அனுப்புகிறது என்றே காட்டி
போய்ச் சேர மூன்றே கால் ஆயிற்று.

விடிந்ததும் சைக்கிள் டாக்சிக்காரர் லிகிசோ கேட்டார்:
"யாரம்மா ஜெயிச்சது?"
"மொத்தத்தில் யாரென்று தெரியாது.
நம் பள்ளிக்கூடக் கணக்கு கதவில் ஒட்டியிருக்கிறது."
"எனக்குப் படிக்கத் தெரியாதே."
கதவுவரை கூட்டிப்போனேன்.
தொண்டை கட்டியிருந்தது.
நாலு எண்ணையும்
ஒரே குரலில் படித்தேன்.
கடைசியில் அவர் கேட்டார்:
"இதில் என்னுடையது எது?"