இரண்டாவது வட்டு, ஏழாவது பாட்டு

ஒஸ்லோவிலயிருந்து நிரோசன் குடுத்துவிட்டது.
மூண்டு கை மாறி
ஆரோ ஒருத்தரின்ர கலியாணச் சீலைகளுக்குள்ள மடிபட்டு வந்து சேர்ந்தது.
மோர்வேலா. பதினைஞ்சு வருசத்துப் பாட்டுகள்.
ரண்டு வட்டு, கறுத்த அட்டை,
அட்டையில தலையில்லாத ஒரு சம்மனசு.
மூலையில சின்ன வெடிப்பு.
பரவாயில்லை, படத்துக்குப் பொருந்துது.

குருநகரில எனக்குத் தெரிஞ்ச ஆரிட்டயும் சீடி போடுற பெட்டி இல்லை.
செல்ரனின்ர ஓட்டோவிலதான் இருந்தது.
பண்ணைப் பாலத்தடியில நிப்பாட்டி
மழைப் படங்கை இறக்கிவிட்டு
பின் சீற்றில இருந்தம்.
மடியில ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.
முதல் பாட்டில ஓர்கன் எழும்ப
“பூசையோ?” எண்டான்.
கிற்றார் வந்து விழ
“பூசையில்லை” எண்டான்.

எனக்கு ஐஸ் கொம்பனியில இரவு வேலை.
இவையள் பாடுற பனியை நான் கண்டதில்லை.
ஆனா அச்சிலயிருந்து ஐஸ் கழரேக்க வாற அந்த முனகல்,
மூக்கைப் பிடுங்கிற அமோனியா,
தொட்டிக்கு மேல பலகையில நடக்கேக்க
காலுக்குக் கீழ சத்தமில்லாமல் உறையிற இருட்டு,
இதுகளுக்கெல்லாம் பாட்டு இருக்கெண்டு
எனக்குச் சொன்னது இவையள்தான்.
கொம்பிரசர் விடியுமட்டும் ஒரே சுருதியில நிக்கும்.
அதுக்கு மேல நான் பாடிப் பாக்கிறனான்.
அந்தோனிப்பிள்ளை அண்ணை ஒருக்கா
மெசின் பழுதெண்டு நினைச்சு ஓடிவந்தவர்.

தொகுப்பைப் பற்றிச் சொல்லவேணும்.
வரிசை பிழை.
‘கறுப்பு உப்பை’ முதலாவதா வச்சிருக்கப்படாது,
அது ஆள் களைச்சாப்பிறகு வரவேண்டிய பாட்டு.
நாலாவது அல்பத்திலயிருந்து ஒண்டுகூட இல்லை,
அது அநியாயம், அதைப் பற்றி இண்டைக்குக் கதைக்கேல்லை.
ஆனா எலினும் மார்த்தெயும் இதில அடுத்தடுத்து நிக்கினம்.
ஒருத்தி கோவிச்சுக்கொண்டு போன பிறகுதான் மற்றவள் வந்தவள்.
ஒரு மேடையில ஒருநாளும் நிக்காதவையள்.
எலினின்ர குரல் அடங்க
ரண்டு செக்கன் ஒண்டுமில்லை.
பிறகு மார்த்தெ வாய் திறக்கிறாள்.
அந்த ரண்டு செக்கனுக்கே காசு குடுக்கலாம்.
நிரோசன் காசு வாங்கேல்லை.

பிறகு ரண்டாவது வட்டு. ஏழாவது.

அந்தப் பாட்டு பதினொரு வருசமா என்னட்டை இருக்கு.
ரியூசனுக்குப் பின்பக்கம், சைக்கிள் விடுற இடத்தில
தீபராசின்ர நொக்கியாவிலயிருந்து புளூரூத்தில வந்தது.
பேரில்லை, நம்பர் மட்டும்.
கடைசியில அவள் மூச்சை உள்ளுக்கு இழுப்பாள்,
அதோட முடியும்.
எவ்வளவு துணிவெண்டு நினைச்சிருக்கிறன்,
பாடாமல் முடிக்கிறதுக்கு.
அந்த மூச்சுக்குள்ளதான் ஏஎல் பெயில் விட்டன்.
அப்பாவைச் சேமக்காலையில விட்டிட்டு வந்து
அதுக்குள்ளதான் நிண்டன்.
ஜெயந்தினியிட்டைச் சொல்லவேண்டியதை
அதுக்குள்ளதான் வச்சிருந்து
பழுதாக்கினன்.

இப்ப ஓட்டோவுக்குள்ள
மூச்சு வந்து போகுது,
பாட்டு நிக்கேல்லை.

இன்னும் ரண்டு நிமிசம் இருந்திருக்கு.
அவள் பாடுறாள்.
கோரஸ் வருது, வயலின் வருது,
வழமையா வாற எல்லாம் வருது.
நல்லாத்தான் இருக்கு.
அண்டைக்குப் புளூரூத் அறுந்திருக்கு, அவ்வளவுதான்.
தீபராசைத் தாய் கூப்பிட்டிருப்பா.

“என்னடா, சீடி கீறலோ?” எண்டு செல்ரன் கேட்டான்.
இல்லை, முழுசா இருக்கெண்டன்.

வெளியில இறாலுக்குப் போன ஆக்களின்ர லைற்றுகள்
இடுப்பளவு தண்ணியில நடந்துகொண்டிருந்தது.
திரும்பப் போட்டன்.
மூச்சு வர நிப்பாட்டினன்.
“முடியேல்லையடா” எண்டு அவன் கையைத் தட்டிவிட்டு அமத்தினான்.

அவனுக்கு அந்த மிச்சம் பிடிச்சுப்போச்சு.
இப்ப சந்தையடியில ஆள் ஏத்தேக்க
அதைத்தான் விசிலடிக்கிறான்,
எனக்கு வந்து சேராத
அந்த ரண்டு நிமிசத்தை.