நான்காவது நிலை

ஸ்லிம் ரிவரில் எண்ணெய் நிலையத்துக்குப் பின்னால்
என் பட்டறை.
செம்பனைக்குலை லோரி போகும்போதெல்லாம்
மேசைமேல் அளவுகோல் நடுங்கும்.
அது அடங்கும்வரை கோடு போடமாட்டேன்.

மார்ச்சில் மோகனராணி வந்தாள்.
மலிவு ஃபிளாட், நாலாம் மாடி.
"காலையில நாசி லெமாக் விக்க மேசை வேணும்.
சாயங்காலம் பிள்ளைங்க அதுல எழுதணும்.
ராத்திரி சின்னவன் படுக்கணும்.
மூணு வாங்க எடமும் இல்ல, காசும் இல்ல."

ஆறு கீல், நாலு சக்கரம்,
மூடிய ரப்பர் ஆலையிலிருந்து
எடைக்கு வாங்கிய அலுமினியக் குழாய்.
அட்டையில் பதினொரு தடவை வெட்டிப் பார்த்தேன்.
கட்டிலாக விரித்தால்
கல்லாப்பெட்டி தலைமாட்டுக்கு வந்தது.
சில்லறைச் சத்தத்தில் பையன் எப்படித் தூங்குவான்?
பெட்டியைக் கால்மாட்டுக்குத் திருப்பினேன்,
சாயங்காலம் பென்சில் போட ஆகும்.

கொஞ்சம் கர்வந்தான் எனக்கு.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
ஒவ்வொரு நிலைக்கும் எண் பொறித்தேன்.
ஒன்றிலிருந்து மூன்றுக்கு நாற்பது நொடி.

ஜூலையில் திரும்பக் கொண்டுவந்தாள்.
வலப்பக்கக் கீல் நெளிந்திருந்தது.
உட்கார்ந்தால் இப்படி நெளியாது.
படுத்தாலும் நெளியாது.
சோற்றுப்பானை எத்தனை வைத்தாலும்
எடை மேலிருந்து கீழேதானே வரும்?
இது பக்கவாட்டில் வந்திருக்கிறது.
தோள் உயரத்தில்,
மறுபடி மறுபடி.

"எப்படி வச்சீங்க?"

மேசையைச் செங்குத்தாக நிமிர்த்தி
சக்கரங்களைப் பூட்டி
என் பட்டறையின் பின்கதவில் சாத்திக் காட்டினாள்.
அளவெடுத்ததுபோல் பொருந்தியது.
கதவை நான் அளந்ததே இல்லை.

"சம்பளம் போட்ட ராத்திரி மட்டுந்தான்" என்றாள்.

கேட்கத் தெரியாமல் கீலைக் கழற்றினேன்.
"இரும்பு போட்டா எடை கூடும்.
நாலு மாடி தூக்கணும்."
"தூக்கிக்கிறேன்."

குறுக்கே ஒரு தண்டு.
தரையைக் கவ்வ ரப்பர்ப் பாதம்.
தாழ்ப்பாளை முழங்கால் உயரத்தில் வைத்தேன்,
சின்னவனுக்கும் எட்டும்.
எண் எதுவும் பொறிக்கவில்லை.

ரசீதில் என்ன எழுதுவது?
வெளியே ஒரு லோரி போனது,
பேனாவும் சேர்ந்து நடுங்கியது.
கீல் பழுது, எட்டு ரிங்கிட்.

பேரம் பேசினாள்.
ஆறுக்கு முடிந்தது.