கழிக்கப்பட்ட நூறு

ஸ்ட்ரோம்னெஸ் துறைமுகம்,
படகுச் சங்கத்தின் மாடி அறை.
இந்தத் தீவில் மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வந்து கதவைத் தட்டும்.
மேசைமேல் பன்னிரண்டு எண்கள்.
எண்ணுக்கு ஐந்து கோப்பைகள்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கண்ணாடி மூடி.
ஐந்து நடுவர்கள். நான் கணக்கன்.
எனக்குக் குடிப்பழக்கம் இல்லை,
அதற்காகத்தான் இந்த வேலையே கொடுத்தார்கள்.
எந்த எண் எந்த ஊர் என்ற பட்டியல்
என் சட்டைப் பையில்.

முதலாவது கென்டக்கி.
சோளத்தின் தித்திப்பு, உள்ளே கருக்கிய புதுப் பீப்பாய்.
மூவர் வெனிலா என்றார்கள்.
படகோட்டி ஹாரல்ட் பிளெட் மட்டும்
'பல்வலிக்கு என் தங்கை வைக்கும் கிராம்புத் தைலம்' என்று
எழுதிவிட்டு எண்பத்திரண்டு போட்டான்.
எண்பது. எழுபத்தொன்பது. எண்பத்தொன்று.
கடைசியாக எழுதிய தோரா இஸ்பிஸ்டர்:
எண்பதரை.

நான்காவது ஜப்பான்,
வாரம் முழுக்கப் பூட்டியிருந்த தேவாலயத்தின் மரபெஞ்சு.
ஆறாவது அயர்லாந்து, பச்சை ஆப்பிளும் எண்ணெய்ப் பிசுக்கும்.
ஏழாவது இந்தியா,
ஐந்தே வருடத்தில் வெயில் பாதியைக் குடித்துவிட்டு
மீதியை அனுப்பி வைத்திருந்தது.
எட்டாவது ஐலா,
ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ
மீன் சுடுகிறார்கள்.

ஒவ்வொரு முறையும் நால்வரின் சராசரியைத்
தோரா முன்கூட்டியே எழுதிக்கொண்டிருந்தாள்,
அரை மார்க் பிசகாமல்.

போன வருடம் மார்ச்சில் அவளுக்கு ஒரு காய்ச்சல்.
அதற்குப் பிறகு
தேவைக்கு மேல் நீளமாக மோந்தாள்.
மூடியைத் திறந்ததும் அவள் பார்ப்பது கோப்பையை அல்ல,
எதிரே இருப்பவரின் புருவத்தை.
நாக்கில் மிச்சமிருந்தது
எரிவு, இனிப்பு, கசப்பு.
மற்றதெல்லாம் முகம் பார்த்துப் படித்த பாடம்.
மூன்று போட்டிகளாக எனக்குத் தெரியும்.
யாரிடமும் சொல்லவில்லை.
எண்கள் சரியாக இருக்கும்போது
கணக்கனுக்கு என்ன புகார்?

ஒன்பதாவது வந்தது.
பீப்பாய்க்குள் கந்தகத்தை
யாரோ கை தவறி எரித்திருக்கிறார்கள்.
ஹாரல்ட் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.
அழுகிய முட்டை. எரிந்த டயர்.
மழையில் நனைந்த பட்டாசு.
நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு,
நாற்பத்துநான்கு, நாற்பது.

தோரா குனிந்தாள்.
நிமிர்ந்தாள்.
மறுபடி குனிந்தாள்.
பென்சில் உருண்டு தரையில் விழுந்தது, எடுக்கவில்லை.
யார் முகத்தையும் பார்க்கவில்லை.
பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி
நூறு என்று எழுதினாள்.
குறிப்பில் ஒரே ஒரு சொல்:
நாற்றம்.

நால்வரின் தாளிலும் அதே சொல் இருந்தது.
அவர்கள் எழுதியது இன்றைய பொருளில்.
அவள் எழுதியது
அந்தச் சொல் கெட்டுப்போவதற்கு முன்பிருந்த பொருளில்,
பூவுக்கும் அதுவே பெயராக இருந்த காலத்தில்.

விதி இதுதான்:
அதிகபட்சம் ஒன்றையும் குறைந்தபட்சம் ஒன்றையும் கழி,
மிச்சத்தைக் கூட்டு, வகு.
நூறைக் கழித்தேன்.
முப்பத்தெட்டைக் கழித்தேன்.
ஒன்பதாவதுக்கு நாற்பத்தொன்று புள்ளி ஆறு ஏழு.

இடைவேளையில் எல்லோரும் சூப்புக்குக் கீழே இறங்கினார்கள்.
அவள் மற்றவர்கள் ஒதுக்கிய ஒன்பதுகளையெல்லாம்
தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
எந்த ஊர் இது என்று கேட்டாள்.
சொல்லக்கூடாது.
பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு
ஜன்னலோரம் போய் மழையைப் பார்த்தேன்,
ஒரு மனிதன் மழையை எவ்வளவு நேரம் பார்க்க முடியுமோ அவ்வளவு நேரம்.

திரும்பியபோது பட்டியல் மடித்தபடியே இருந்தது.
கையில் தீப்பெட்டி.
கிழிக்கிறாள், ஊதுகிறாள், மோக்கிறாள்.
தட்டில் ஏழு கருத்த குச்சிகள்.
எட்டாவதை என் மூக்கின் பக்கம் நீட்டி,
'இருக்கிறதா?' என்றாள்.
இருக்கிறது என்றேன்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
அவள் தாளில் மூன்று வெற்றுக் கட்டங்கள்.
ஹாரல்ட் எட்டிப் பார்த்தான்.
'எனக்கு ஒன்றும் வரவில்லை' என்றாள்,
அறை முழுக்கக் கேட்கும்படி.

நால்வர் மட்டும் மார்க் போட்டால்
எதைக் கழிப்பது என்று
விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.