தமாஸ்

இந்த மரத்துக்கு அஜ்மானில்
தமாஸ் என்று பேர்.
முதல் நாள் கேட்டுச் சிரித்துவிட்டேன்.

வேர் குழாய்க்குள் புகுந்து
கணுக்கால் சாக்கடையில்
அபு சைஃப் நின்ற காலையில்
யாரும் சிரிக்கவில்லை.

மே மாதம் அறுத்தோம்.
ஜூனில் அடிக்கட்டையைச் சுற்றி இருபத்தேழு துளிர்,
எண்ணியவன் இருதயராஜ்.
ஒடித்தோம். நாற்பது வந்தது.

துளையிட்டு உப்பை நிரப்பினோம்.
உப்பங்கழி மரம்,
ஊறுகாய் போலத் தின்றது.
டீசல் ஊற்றி, கறுப்புத் தாள் போர்த்தி
மேலே கல் வைத்தோம்.
ஒரு வாரத்தில் கல் சாய்ந்து கிடந்தது.

பிறகு கடப்பாரைதான்.
ஆகஸ்ட், விடிகாலை நாலரை,
சட்டையைப் பிழிந்து பிழிந்து
வேரின் பின்னாலேயே தோண்டிப் போனோம்.
ரோஜாப் பாத்தியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
நேராகப் போயிருந்தது
பின்சுவரில் ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்துக்கு.
மதியம் நாங்கள்
சோற்றுப் பொட்டலம் பிரிக்கிற இடம்.

கடப்பாரையைக் கொஞ்ச நேரம்
கீழே வைத்தோம்.

கட்டை லாரியேறிப் போனது. புல் விரித்தாயிற்று.
இன்று புல்லுக்கு நடுவே
சுண்டுவிரல் உயரம், பச்சை.

இருதயராஜ் அதைக் கிள்ளிக் காதில் செருகிக்கொண்டான்:
"அண்ணே,
இன்னும் ஒரு மாசச் சம்பளம் இருக்கு."